விலை உயர்ந்த புற்றுநோய் மருந்து: வீட்டை விற்கும் முன் கேட்க வேண்டியவை

 

நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் மனத்தை அதிகம் கலங்க வைப்பவை புற்றுநோய் மனுக்கள். நோயின் கடுமை ஒரு காரணம். அதைவிட, மனு நம் கையில் வந்து சேரும் நேரம் இன்னொரு காரணம். பெரும்பாலான குடும்பங்கள் நகை அடகுக்குப் போன பிறகு, தெரிந்தவரிடமெல்லாம் கைமாற்று வாங்கிய பிறகு, சில வேளை வட்டிக்கும் வாங்கிய பிறகுதான் வருகிறார்கள். அந்த நேரத்தில் காகிதங்களைப் பிரித்துப் பார்த்தால், முதல் வாரத்திலேயே செய்திருக்கக் கூடிய இரண்டு மூன்று காரியங்கள் செய்யப்படாமல் இருப்பது தெரியும். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இந்த இதழின் பாடமாக, புற்றுநோய் மருந்துக்கான செலவை எந்த வரிசையில் அணுக வேண்டும் என்பதை எழுதுகிறோம். இதைப் படித்துவிட்டு எடுத்து வையுங்கள். இன்று உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கலாம் (அல்லாஹ் காப்பாற்றுவானாக!). உங்கள் தெருவில் யாருக்காவது நாளை தேவைப்படும்.

வரிசை ஏன் முக்கியம்?

அரசு நிவாரண நிதிகளும் காப்பீட்டுத் திட்டங்களும் பொதுவாக இனி ஆகப்போகும் செலவுக்குத்தான் உதவுகின்றன. நாமே கட்டி முடித்த பணத்தைத் திருப்பித் தருவதில்லை. பிரதமரின் தேசிய நிவாரண நிதியும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் புற்றுநோயாளர் நிதியும் அப்படித்தான். எனவே, 'முதலில் கையிலிருப்பதைக் கட்டுவோம், பிறகு உதவி தேடுவோம்' என்று இறங்கினால் இரண்டு பக்கமும் நஷ்டம். முதலில் கேள்வி, அடுத்து அரசுத் திட்டம், அடுத்து விலைக் குறைப்பு, அதன் பிறகு ஸகாத்தும் ஸதக்காவும் அழகிய கடனும். சொத்தை விற்பது கடைசியிலும் கடைசி. இதுதான் வரிசை.

முதல் படி: மருத்துவரிடம் ஐந்து கேள்விகள்

பலர் மருத்துவரிடம் பணத்தைப் பற்றிப் பேச வெட்கப்படுகிறார்கள். 'குறைந்த விலை கேட்டால் குறைந்த வைத்தியம் செய்துவிடுவார்களோ' என்ற பயமும் உண்டு. புற்றுநோய் மருத்துவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பாதியில் நின்றுபோகும் விலை உயர்ந்த சிகிச்சையைவிட, முழுமையாக முடிக்கக் கூடிய சிகிச்சையே நோயாளிக்கு நல்லது என்பது அவர்களுக்கும் தெரியும். வீட்டில் பொறுப்பான ஒருவர், கையில் ஒரு நோட்டோடு போய் மரியாதையாகக் கேளுங்கள்.

1. டாக்டர், இந்த மருந்தின் மூலப்பெயர் என்ன? (கம்பெனி வைத்த பெயர் வேறு, மருந்தின் பெயர் வேறு.)

2. இதே மருந்தை வேறு கம்பெனி குறைந்த விலையில் தயாரிக்கிறதா? அதை வாங்கினால் உங்களுக்குச் சம்மதமா?

3. எத்தனை தவணை? எத்தனை மாதம்? மொத்தம் எவ்வளவு ஆகும்?

4. இதே சிகிச்சை அரசு மருத்துவமனையிலோ முதலமைச்சர் காப்பீட்டிலோ கிடைக்குமா?

5. இந்த மருந்தால் நோய் குணமாகுமா, அல்லது சில காலம் கட்டுக்குள் இருக்குமா?

இரண்டாவது கேள்வியின் மதிப்பை விளக்க இரண்டு உண்மைச் சம்பவங்கள் போதும். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் இமாட்டினிப் என்ற மாத்திரையை 'கிளிவெக்' என்ற பெயரில் நோவார்ட்டிஸ் கம்பெனி விற்றபோது மாதச் செலவு ஏறத்தாழ ரூ.1,20,000. அதே மருந்தை இந்தியக் கம்பெனிகள் மாதம் ரூ.8,000 முதல் 10,000 வரையில் கொடுத்தன. இதன் காப்புரிமை வழக்கில், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸின் மனுவைத் தள்ளுபடி செய்தது. அதனால் குறைந்த விலை மாத்திரைகள் தொடர்ந்து கிடைத்தன.

அதற்கு முந்தைய ஆண்டு, 2012 மார்ச்சில், கல்லீரல் மற்றும் சிறுநீரகப் புற்றுநோய்க்கான சோராஃபெனிப் மாத்திரைக்கு இந்திய அரசின் காப்புரிமை அலுவலகம் கட்டாய உரிமம் வழங்கியது. பேயர் கம்பெனி ஒரு மாத மருந்துக்கு ரூ.2,80,000-க்கு மேல் வாங்கிக் கொண்டிருந்தது. உரிமம் பெற்ற நாட்கோ கம்பெனி அதை ரூ.8,800-க்குக் கொடுத்தது.

மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்குப் போடப்படும் டிராஸ்டுசுமாப் ஊசிக்கும் இந்தியாவிலேயே தயாராகும் நிகர் மருந்துகள் பல ஆண்டுகளாக வந்துவிட்டன. ஆகவே சீட்டில் உள்ள கம்பெனிப் பெயரைப் பார்த்து மலைத்துப் போகாதீர்கள். மூலப்பெயரைக் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வியும் சாதாரணமானதல்ல. அளவு, காலம் இரண்டையும் குறைத்தாலும் பலன் கிடைக்குமா என்று மருத்துவ உலகமே ஆராய்ந்து வருகிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள், முற்றிய வாய், தொண்டைப் புற்றுநோயாளர்களுக்கு நிவோலுமாப் என்ற விலை உயர்ந்த ஊசியை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும், மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள், மாத்திரை மட்டும் பெற்ற பிரிவில் 100-க்கு சுமார் 16 பேர். ஊசியும் பெற்ற பிரிவில் சுமார் 43 பேர். டிராஸ்டுசுமாப் ஊசியை ஓராண்டுக்குப் பதில் ஆறு மாதம் போட்டாலும் பலன் பெரிதும் குறையவில்லை என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2019-ல் காட்டியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இவையெல்லாம் மருத்துவர் தீர்மானிக்க வேண்டியவை. எல்லா நோயாளிக்கும் பொருந்தாது. 'அளவு குறைந்தாலும் பரவாயில்லையாம்' என்று நாமாக மாத்திரையைப் பாதியாக உடைப்பதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதும் பெரும் ஆபத்து. நோய் மருந்துக்குப் பழகிப் போய், அந்த மருந்தே பிறகு வேலை செய்யாமல் போகலாம். இந்த மாதம் வாங்கப் பணம் இல்லையென்றால், அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மறைக்காதீர்கள்.

இரண்டாம் படி: அரசுத் திட்டங்கள்

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு ஓர் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை. குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்ற வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகங்களுக்குக் கட்டணமில்லாத் தொலைபேசி 1800 425 3993.

கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, நோயாளியின் பெயர் குடும்ப அட்டையில் இருக்க வேண்டும். திருமணமாகி வந்த மருமகளின் பெயர் தாய்வீட்டு அட்டையிலேயே கிடப்பது நம் வீடுகளில் சகஜம். நோய் வருவதற்கு முன்பே அதைச் சரி செய்யுங்கள். இரண்டு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில், சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். சேரும் முதல் நாளே அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் அட்டையைக் காட்டுங்கள். மூன்று, எல்லாப் புது மருந்துகளும் திட்டத்தின் பட்டியலில் இல்லை. அப்படியானால் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, வழக்கமான கீமோ ஆகியவற்றைத் திட்டத்தில் முடித்துக் கொண்டு, பட்டியலில் இல்லாத ஒரு மருந்துக்கு மட்டும் வெளியே உதவி தேடலாம். சுமை குறையும்.

வருமான வரம்பைத் தாண்டிய நடுத்தரக் குடும்பங்களும் அரசு மருத்துவமனையை ஒதுக்க வேண்டாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை ஆகியவற்றில் புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையம் லாப நோக்கில்லாத நிறுவனம். 'தனியார் ஆஸ்பத்திரி என்றால்தான் அக்கறை' என்ற எண்ணத்தில், முதல் இரண்டு மாதத்திலேயே கையிருப்பை முடித்துவிட்டு மூன்றாம் மாதம் அரசு மருத்துவமனைக்குப் போவதைவிட, முதலிலேயே அங்கு ஒரு கருத்துக் கேட்பது நல்லது.

இவை தவிர, பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரைக் கடிதத்தோடு விண்ணப்பிக்கலாம். மருத்துவமனை தரும் செலவு மதிப்பீட்டுச் சான்று இதற்கு அவசியம். உதவித் தொகை நேரே மருத்துவமனைக்குப் போகும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் மண்டலப் புற்றுநோய் மையங்களில் சிகிச்சை பெறும்போது மத்திய சுகாதார அமைச்சகத்தின் புற்றுநோயாளர் நிதியை அங்குள்ள சமூகப் பணியாளர் மூலம் கேட்கலாம்.

சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை. உடன் செல்பவருக்கு 75 சதவீதச் சலுகை. மருத்துவமனையில் அதற்குரிய படிவத்தில் சான்று வாங்கிக் கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை சென்னை போய்வரும் குடும்பத்துக்கு இதுவே நல்ல மிச்சம்.

மூன்றாம் படி: வாங்கும் விலை

பெட்டியில் அச்சிட்டுள்ள எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்ச வரம்பு. அந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் இல்லை. புற்றுநோய் மருந்துகளில் கடைக்காரர் வாங்கும் விலைக்கும் எம்.ஆர்.பி.க்கும் இடையே பெரிய தூரம் இருப்பதுண்டு. 2019 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வர்த்தக லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்ததற்குக் காரணமே அதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் உயிர்காக்கும் மருந்துகள் 33-க்கு ஜி.எஸ்.டி. முற்றிலும் நீக்கப்பட்டது. மற்ற மருந்துகளுக்கு 12 சதவீதம் 5 ஆகக் குறைந்தது. பழைய வரியில் பில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: மூலப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் வைத்துக் கொண்டு, குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். மக்கள் மருந்தகம் என்று நாம் சொல்லும் ஜன் ஔஷதி கடை, அரசு நிறுவனமான எச்.எல்.எல். நடத்தும் அம்ரித் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகம், மொத்த விற்பனையாளர் ஆகிய இடங்களில் விசாரிக்கலாம். எல்லாப் புற்றுநோய் மருந்தும் எல்லாக் கடையிலும் இருக்காது. முன்கூட்டிச் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். 'ஃபார்மா சஹி தாம்' என்ற அரசுச் செயலியில் மருந்தின் விலையைச் சரிபார்க்கலாம். கூடுதல் விலை வாங்கினால் 1800 111 255 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

காப்புரிமையில் உள்ள புது மருந்துகளுக்கு, அதைத் தயாரிக்கும் கம்பெனியே சில வேளை நோயாளி உதவித் திட்டம் வைத்திருக்கும். குறிப்பிட்ட தவணைகளை வாங்கினால் மீதியை இலவசமாகத் தருவது அதில் ஒரு முறை. இது கடையில் தெரியாது. மருத்துவர் வழியாகத்தான் பதிவு செய்ய வேண்டும். முதல் ஊசியை வாங்கும் முன்பே கேளுங்கள்.

மலிவு தேடும்போது ஏமாந்துவிடவும் கூடாது. 2024 மார்ச்சில் டெல்லி காவல்துறை ஒரு கும்பலைப் பிடித்தது. அவர்கள் விலை உயர்ந்த புற்றுநோய் ஊசிகளின் காலிக் குப்பிகளைச் சேகரித்து, அவற்றில் பூஞ்சைக்கான சாதாரண மருந்தை நிரப்பி விற்று வந்தார்கள். ஆகவே பில் இல்லாமல், வாட்ஸ்அப்பில் வரும் 'பாதி விலை' ஊசியை வாங்க வேண்டாம். பில்லில் உள்ள பேட்ச் எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். குளிரில் வைக்க வேண்டிய ஊசியை ஐஸ் பெட்டியில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். வெளியில் வாங்கிய ஊசியை ஏற்றுக் கொள்வார்களா என்று மருத்துவமனையிலும் முன்பே கேட்டு விடுங்கள்.

நான்காம் படி: ஸகாத், ஸதக்கா, அழகிய கடன்

திருக்குர்ஆன் 9:60-ல் ஸகாத்துக்கு உரியவர்களாக எட்டுப் பிரிவினர் கூறப்பட்டுள்ளனர். ஏழை, வறியவர் என்ற முறையில் நோயாளிக்கு அதில் இடம் உண்டு. மருத்துவத்துக்காகக் கடன்பட்டுத் தவிப்பவர் 'கடனாளி' என்ற பிரிவிலும் வரலாம். குடியிருக்கும் வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் ஒருவர் தகுதியை இழப்பதில்லை. நேற்றுவரை ஸகாத் கொடுத்தவர் இன்று வாங்கும் நிலைக்கு வருவதும் இந்த நோயில் நடக்கிறது. அவர் வாய் திறந்து கேட்க மாட்டார். நாம்தான் அறிய வேண்டும்.

ஸகாத் பொருள் உரியவருக்கு உடைமையாக்கப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹ் சட்டம். அதனால் மருந்தை வாங்கி நோயாளியின் கையில் கொடுக்கலாம். மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டுவதானால், 'என் சார்பில் இதைப் பெற்றுக் கட்டுங்கள்' என்று அவரிடம் முன்பே சம்மதம் வாங்கிக் கொள்கிறோம். பெற்றோர், பிள்ளைகள், மனைவி ஆகியோரின் தேவை நம் கடமை. அவர்களுக்கு நம் ஸகாத்தைக் கொடுக்க முடியாது. உடன்பிறந்த சகோதரி, மாமா, சாச்சா ஆகியோர் தகுதி உள்ளவர்களாக இருந்தால் கொடுக்கலாம். தகுதியின் அளவில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே வேறுபாடு இருப்பதால், உங்கள் நிலையை ஆலிமிடம் சொல்லிக் கேட்டுக் கொள்ளுங்கள். முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாருக்கு ஸதக்கா நிதியிலிருந்து உதவத் தடையில்லை. நம் அறக்கட்டளையும் அவ்வாறே செய்கிறது.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். நம் மஹல்லாவில் ஸகாத் பெரும்பாலும் ரமலானில் மொத்தமாக வருகிறது. புற்றுநோய் மருந்தோ மாதாமாதம் வேண்டும். ஸகாத் கடமையானவர் ஆண்டு முடியும் முன்பே தவணையாக முன்கூட்டிக் கொடுப்பதைப் பெரும்பான்மை இமாம்கள் அனுமதித்துள்ளார்கள். கணக்கைப் பாருங்கள். மாத மருந்து ரூ.9,000. குடும்பம் தன்னால் முடிந்த ரூ.3,000 போடுகிறது. மீதி ரூ.6,000. மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் ஆறு பேர் ஓராண்டுக்குப் பொறுப்பெடுத்தால் அந்த நோயாளி ஒரு நாளும் மருந்து தவற மாட்டார். ஒரே தடவை கிடைக்கும் ஐம்பதாயிரம் சில மாதங்களில் தீர்ந்து போகும். அந்த ஆறு பேரின் ஆயிரம் தீராது.

ஸகாத் பெறத் தகுதி இல்லாத, ஆனால் திடீரென்று பணம் புரட்ட முடியாத குடும்பத்துக்கு வட்டியில்லா அழகிய கடன்தான் வழி. வட்டிக் கடனின் வாசலுக்கு ஒரு சகோதரன் போகும் முன் பைத்துல் மாலின் வாசல் திறந்திருக்க வேண்டும். இதை ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

ஒரு வேண்டுகோள். உதவி கேட்பதற்காக நோயாளிப் பெண்ணின் புகைப்படத்தையும் முடி கொட்டிய தலையையும் வாட்ஸ்அப்பில் சுற்ற விடாதீர்கள். செலவு மதிப்பீடு, மருந்துச் சீட்டு, மருத்துவமனையின் வங்கிக் கணக்கு ஆகியவை போதும். நாளை அவர் குணமாகி நம்மிடையே நடமாட வேண்டியவர்.

பேசத் தயங்கும் ஒரு விஷயம்

ஐந்தாவது கேள்விக்கு வருகிறோம். மருந்தால் குணமாகும் என்று மருத்துவர் சொன்னால், மேலே சொன்ன எல்லாக் கதவுகளையும் தட்டி முயல வேண்டும். சில வேளைகளில் மருத்துவர், 'குணமாகாது, சில வாரமோ மாதமோ தள்ளிப் போகலாம்' என்பார். அப்போதுதான் மகன் வீட்டை விற்கத் துடிக்கிறான். 'விற்காவிட்டால் ஊர் என்ன சொல்லும்?' என்ற பயமும் சேர்ந்து கொள்கிறது.

சிகிச்சை தேடுவது மார்க்கம் ஆர்வமூட்டிய காரியம். எனினும் பலன் உறுதியில்லாத சிகிச்சையை எல்லா நிலையிலும் கட்டாயக் கடமை என்று பெரும்பாலான இமாம்கள் சொல்லவில்லை. ஆகவே நோயாளியின் விருப்பத்தை அவரிடமே கேளுங்கள். பல தாய்மார்கள், 'பிள்ளைகளைத் தெருவில் நிறுத்திவிட்டு எனக்கு இந்த ஊசி வேண்டாம்' என்றுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்டு நடப்பது கைவிடுவது ஆகாது. அந்தக் கட்டத்தில் வலி நிவாரணச் சிகிச்சை என்று ஒன்று உண்டு. மார்ஃபின் போன்ற விலை குறைந்த மருந்துகளால் வலியைப் பெரிதும் அடக்கலாம். அதைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை, நம் பொறுப்பு.

ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

எங்கே போனாலும் கேட்பது இவற்றைத்தான்: பயாப்ஸி அறிக்கை, மருத்துவரின் சிகிச்சைத் திட்டம், மருத்துவமனையின் செலவு மதிப்பீடு, குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று, காப்பீட்டு அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம். ஒவ்வொன்றிலும் ஐந்து நகல் எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியில் மனுக் கொடுத்தீர்கள் என்பதைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

வீட்டில் கலந்து பேசுவதற்கு

1. நம் குடும்ப அட்டையில் எல்லாருடைய பெயரும் இருக்கிறதா? காப்பீட்டு அட்டை எடுத்திருக்கிறோமா?

2. நம் ஸகாத்தில் ஒரு பகுதியை மாதத் தவணையாகக் கொடுக்க முடியுமா?

3. நம் தெருவில் சிகிச்சையில் இருப்பவர் யார்? அவருக்கு இந்தப் பக்கங்களைப் படித்துக் காட்டினோமா?

கோப்போடு வரும் குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதவும், உடன் ஒருவரை அனுப்பவும் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் இன்ஷா அல்லாஹ் ஏற்பாடு உண்டு. பணம் கட்டும் முன் வாருங்கள். கடன் வாங்கும் முன் வாருங்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பார்த்துக் கொள்வோருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.